உடைந்ததா, உடைத்தார்களா?

மே மாதக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்த குடும்பம் அது. நவி மும்பை நெருளில் சிட்கோ கட்டிய ரோ-ஹவுஸ் ஒன்றில் இருபது வருடமாகக் குடியிருப்பவர்கள். திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து, காலை ஏழு மணிக்கு ஆட்டோவை விட்டு இறங்கியபோது வாசல் ஜன்னலில் கண்ணாடி இல்லை. சேஃப்டி டோரின் தகடு உள்பக்கமாக மடங்கியிருந்தது. ஜன்னல் வழியாக எறிந்த பேவர் பிளாக் கல் ஒன்று டி.வி.யின் நடுவில் பட்டுத் தரையில் கிடந்தது. வெளிச்சுவர் முழுக்கக் கறுப்பு ஆயில் பெயின்ட். எதுவும் திருட்டுப் போகவில்லை. யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

அவர்கள் போன் செய்து நான் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் அந்த அக்கா ஹாலில் பாதியைக் கூட்டி முடித்திருந்தார். முறம் நிறையக் கண்ணாடித் தூள். "இப்படியே போட்டு வச்சா பிள்ளைங்க கால்ல குத்திராதா அண்ணாச்சி?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்தேன். அவருடைய கணவர் அதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கால் சென்டருக்குப் பேசிவிட்டிருந்தார். இந்தியில், "கிட்கி கா காச் டூட் கயா" என்று சொல்லியிருக்கிறார். ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது.

ஒன்பது நாள் கழித்து வந்த கடிதம் அந்த ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டது. தற்செயலாகக் கண்ணாடி உடைவது இந்தப் பாலிசியில் அடங்காது என்றது. உடைந்தது என்றால் தானாக உடைந்தது; உடைத்தார்கள் என்றால் உடைத்த ஆள் ஒருவன் இருக்கிறான். நம் வீடுகளில் குழந்தைகூட இந்த வித்தியாசத்தைத் தெரிந்தே பேசும். "நான் உடைக்கல, அதுவா உடைஞ்சுது" என்று. கிளெய்ம் விஷயத்தில் அந்த வித்தியாசத்துக்கு முழுப் பணமும் விலை. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இதுதான்: வேறு ஒருவன் வேண்டுமென்றே செய்த சேதம் இது என்பதை முதல் நாளே, முதல் காகிதத்திலேயே, கூட்டாத தரையை வைத்துப் பதிவு செய்துவிட வேண்டும்.

பாலிசிக்குள் இருப்பது

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வீட்டு இன்ஷூரன்ஸ் விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிரிஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியை வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. தீ, இடி, நிலநடுக்கம், வெள்ளம் என்று நீளும் ஆபத்துகளின் பட்டியலில் 'கலவரம், வேலைநிறுத்தம், தீய நோக்கத்தோடு செய்த சேதம்' என்பதும் ஒன்று. இங்கிலீஷ் பாலிசியில் 'மலீஷியஸ் டேமேஜ்' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வரியின் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பட்டியலில் உள்ள ஆபத்து ஒன்றால்தான் சேதம் வந்தது என்று காட்டினால் மட்டுமே பணம் வரும். பழசாகி விரிசல் விட்ட கண்ணாடிக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது.

இதே பிரிவில் இரண்டு விலக்குகள் உண்டு. அரசோ சட்டப்படி அதிகாரம் உள்ளவர்களோ உத்தரவு போட்டு இடித்தது, எடுத்துக்கொண்டது எதுவும் சேராது. நகராட்சியோ சிட்கோவோ நோட்டீஸ் கொடுத்து இடித்த கூடுதல் அறைக்கு இந்தப் பாலிசியில் பணம் கேட்க முடியாது. அதே போல யாராவது சட்டவிரோதமாக வீட்டுக்குள் குடியேறிக்கொண்டு நம்மை வெளியேற்றினால், வீட்டை இழந்த அந்த இழப்பும் சேராது. நீங்களோ உங்கள் சார்பில் வேறு யாருமோ, உங்களுக்குத் தெரிந்தே, வேண்டுமென்று செய்த சேதத்துக்குப் பணம் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திருட்டு விஷயத்தில் பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். கலவரத்திலோ, 'தோட்ஃபோட்' என்று இங்கே சொல்லும் அடித்து நொறுக்கலிலோ கதவு உடைந்து, அதன் விளைவாக ஏழு நாட்களுக்குள் பொருள் திருட்டுப் போனால் அது இந்தப் பாலிசியில் அடங்கும். திருடுவதற்கென்றே வந்தவன் பூட்டை உடைத்துப் புகுந்தால் அதற்கு 'பர்க்லரி' காப்பைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

தொகையைப் பற்றி: கட்டடத்தின் காப்புத் தொகை, கார்ப்பெட் ஏரியாவைக் கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. நெருளில் பிளாட் கோடி ரூபாய்க்கு விற்கிறது என்பதால் கோடிக்கு எடுக்கத் தேவையில்லை. இடத்தின் விலையை யாரும் அடித்து நொறுக்க முடியாது. கணக்குக்காக, 400 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 10 லட்சம். வீட்டுப் பொருள்களுக்கு, தனியாக எதுவும் எழுதிக் கொடுக்காமலே, கட்டடத் தொகையில் 20 சதவீதம் தானாகக் காப்பாகும். உச்சவரம்பு 10 லட்சம். இந்தக் கணக்கில் பொருள்களுக்கு 2 லட்சம் வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்து எடுக்கலாம். நகை போன்றவற்றுக்குத் தனி விருப்பக் காப்பு. ரொக்கப் பணத்துக்குக் காப்பே இல்லை. பீரோவில் பணம் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் கொள்ளுங்கள்.

தொகையைச் சற்றுக் குறைத்து எடுத்திருந்தாலும் அதைக் காரணம் காட்டிக் கிளெய்மை வெட்டக் கூடாது என்பது இந்தப் பாலிசியில் உள்ள பெரிய நன்மை. பழைய பாலிசிகளில் பாதித் தொகைக்கு எடுத்தவருக்குச் சேதத்திலும் பாதியைத்தான் கொடுத்தார்கள்.

தாராவியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கீழே தையல் மெஷின், மேலே படுக்கை என்று வாழும் வீடுகள் அங்கே ஏராளம். கிரிஹ ரக்ஷா குடியிருப்புக்கான பாலிசி. மெஷின், துணி, சரக்கு இவற்றைச் சிறு தொழில்களுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் கொண்டு வர வேண்டும். வீடு என்று மட்டும் சொல்லி வாங்கிவிட்டு, கிளெய்ம் வரும்போது தையல் மெஷினைக் காட்டினால் தகராறு நிச்சயம்.

துடைப்பத்துக்கு முன் கைப்பேசி

மனிதர்களுக்கு ஆபத்து இருக்கும் வரை வேறு எதுவும் முக்கியமில்லை. கும்பல் இன்னும் தெருவில் இருந்தால் 112-ஐ அழைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். வீடியோ எடுக்கப் பால்கனிக்குப் போகாதீர்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு, எதையும் நகர்த்தாமல், வாசலில் தொடங்கி ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். கதவு எண் தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு சேதத்துக்கும் இரண்டு போட்டோ: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று. எறிந்த கல் எங்கே கிடக்கிறதோ அங்கேயே அதைப் படம் பிடியுங்கள். கண்ணாடித் தூள் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பது முக்கியம். வெளியிலிருந்து அடித்தால் தூள் பெரும்பாலும் உள்ளே சிதறும். நான் மேலே சொன்ன வீட்டில் ஹாலின் கூட்டாத பாதியில் சோபாவுக்கு அடியில் கிடந்த தூளும், அந்தப் பேவர் பிளாக்கும் பேசிய பேச்சை நாங்கள் எழுதிய கடிதங்கள்கூடப் பேசவில்லை. கூட்டிவிட்ட பாதியில் ஒரு ஷோகேஸ் இருந்தது. அதன் கண்ணாடியும் உடைந்ததுதான். அதற்குப் படம் இல்லை, பணமும் வரவில்லை.

சேதம் மேலும் கூடாமல் பார்ப்பது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது. மழைக்காலம் என்றால் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டுங்கள். தண்ணீர்க் குழாயை உடைத்திருந்தால் வால்வை அடையுங்கள். வயர் தொங்கினால் மெயினை அணையுங்கள். இந்த அவசர வேலைக்கான ரசீதை வாங்கி வையுங்கள். ஆனால் பெயின்ட் அடிப்பது, கதவு மாற்றுவது, புது டி.வி. வாங்குவது எல்லாம், சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்த்த பிறகு.

உடைந்த பொருளைப் பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவிடம் போட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் அதிகம் தவறும் இடம் இது. நொறுங்கிய டி.வி.யை வீட்டில் வைத்திருந்தால் தரித்திரம் என்று அன்று மாலையே தள்ளிவிடுகிறார்கள். சர்வேயர் வந்து "பொருள் எங்கே?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டு வையுங்கள். கிளெய்ம் முடிந்த பிறகு தூக்கிப் போடலாம்.

கம்பெனிக்கு அன்றைக்கே தெரிவியுங்கள். போனில் சொன்னாலும், அதே விஷயத்தை இமெயிலிலும் அனுப்புங்கள். "இன்ன தேதியில், இன்ன நேரத்துக்குள், அடையாளம் தெரியாத வெளியாட்கள் வேண்டுமென்றே என் வீட்டை அடித்துச் சேதப்படுத்தியிருக்கிறார்கள்" என்ற வாக்கியம் அதில் இருக்கட்டும். இந்தியில் பேசினால் "டூட் கயா" வேண்டாம். "கிஸீ நே தோட் தியா" என்று சொல்லுங்கள். கிளெய்ம் நம்பரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிளெய்ம் படிவத்தை 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனில்

ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே நம்மில் பலருக்குத் தயக்கம். பாஷை ஒரு காரணம். வெளியூரிலிருந்து வந்து பிழைக்கிறோம், யாரோடும் வம்பு வேண்டாம் என்ற பழைய எண்ணம் இன்னொரு காரணம். அந்த எண்ணம் சும்மா வந்ததல்ல. 1960-களின் கடைசியில் மாட்டுங்கா, தாதர் பக்கம் தென்னிந்தியர் ஓட்டல்கள் தாக்கப்பட்டதைப் பார்த்த தலைமுறை அது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் தாராவி எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பூட்டிவிட்டுப் போய், அடங்கிய பிறகு திரும்பி வந்து, கூட்டிப் பெருக்கி அடுப்பைப் பற்றவைத்தவர்கள். அவர்களுடைய பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் போலீஸ் காகிதம் இல்லாமல் இந்தக் கிளெய்ம் நகராது. கலவரம், தீய நோக்கச் சேதம், திருட்டு என்றால் போலீசுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. குற்றவாளி பிடிபட வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை.

நெருளில் நெருள் போலீஸ் ஸ்டேஷனும், சீவுட்ஸ் பக்கம் என்.ஆர்.ஐ. கோஸ்டல் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கின்றன. உங்கள் செக்டர் எதன் எல்லையில் வருகிறது என்று சொசைட்டி செக்ரட்டரிக்குத் தெரியும். எல்லை தவறிப் போய்விட்டாலும் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவலைப் பதியலாம். அதன் நகல் இலவசம்.

எஃப்.ஐ.ஆரா, என்.சி.யா (நான்-காக்னிஸபிள் பதிவா) என்ற கேள்வி இங்கேதான் வரும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிறர் சொத்தைக் கெடுப்பது 324-ஆவது பிரிவு. சேதம் 20,000 ரூபாய்க்கு மேல் ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டுகள் வரை தண்டனை. ஒரு லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து ஆண்டுகள் வரை. சிறிய சேதத்தை என்.சி. என்று டைரியில் எழுதி அனுப்பிவிடுவார்கள். கோர்ட் உத்தரவில்லாமல் அதைப் போலீஸ் விசாரிக்க முடியாது. ஒரு லட்சத்தைத் தொட்டால் அவர்களே நேரடியாக விசாரிக்க வேண்டிய குற்றமாகிவிடும். ஆகவே பதற்றத்தில் "பத்தாயிரம் இருக்கும் சாப்" என்று வாயில் வந்ததைச் சொல்லாதீர்கள். மதிப்பீடு பிறகு தருகிறேன் என்று எழுதச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்வதும் கூடாது. நாளைக்குச் சர்வேயர் கணக்கோடு அது மோதும். வீட்டுக்குள் ஆள் நுழைந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அத்துமீறி வீட்டுக்குள் நுழைவது தொகையைப் பொருட்படுத்தாமல் எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம்.

என்.சி.தான் கிடைத்தது என்றாலும் மனம் தளர வேண்டாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். மராத்தியில் "அத்ன்யாத் இஸமானே தோட்ஃபோட் கரூன் நுக்ஸான் கேலே" என்ற மாதிரி ஒரு வரி இருக்க வேண்டும்: அடையாளம் தெரியாத நபர் அடித்து உடைத்துச் சேதம் செய்தார். மராத்தி படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு. நம் ரோ-ஹவுஸ் குடும்பத்துக்குக் கம்பெனியின் முதல் மறுப்பை மாற்றிக்கொடுத்தது ஹவல்தார் எழுதிய இந்த ஒரு வரிதான். கால் சென்டரில் "டூட் கயா" என்று பதிவான பேச்சுக்கு எதிராக அதை வைத்தோம். அதே நாளில், நேரத்தோடு எழுதிய அரசாங்கக் காகிதத்தை யாரும் லேசாகத் தள்ள முடியாது. போலீஸ் வீட்டுக்கு வந்து, சாட்சிகள் முன் பஞ்சநாமா எழுதினால் இன்னும் பலம். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். செக்ரட்டரியைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கலவரம் என்றால் நிலைமை வேறு. 2018 ஜூலை 25-ஆம் தேதி மராத்தா இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் பந்த் அன்று நம் பக்கத்துக் கோபர்கைரனேயிலும் கலம்போலியிலும் வன்முறை வெடித்ததை நெருள்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட நாட்களில் போலீஸ் பெரும்பாலும் பகுதி முழுவதற்கும் சேர்த்து வழக்குப் போடும். அதில் உங்கள் வீட்டு எண் இருக்காது. எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது, போங்கள் என்று சொன்னால் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டுச் சேதத்தைத் தனி மனுவாக எழுதி, அந்த வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, இரண்டாம் பிரதியில் ஸ்டேஷன் முத்திரை வாங்குங்கள். வருவாய்த் துறையிலிருந்து தலாட்டி வந்து பஞ்சநாமா எழுதினால் அதன் நகலும் வேண்டும்.

சர்வேயர் வரும் நாள்

வீட்டுச் சேதம் ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் உரிமம் பெற்ற சர்வேயரைக் கம்பெனி நியமிக்க வேண்டும். 2024 ஜூனில் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமனம், 15 நாளில் அவருடைய அறிக்கை, அறிக்கை கைக்கு வந்த 7 நாளில் கம்பெனியின் முடிவு. இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு லட்சத்துக்குள் என்றால் சர்வேயர் வராமலே போட்டோவை வைத்து முடிவெடுக்கலாம். அப்போது உங்கள் போட்டோதான் சர்வேயர்.

அவர் கேட்கும் காகிதங்கள்: பாலிசி, போலீஸ் நகல், வீட்டுக்கு இன்டெக்ஸ் 2 அல்லது ஷேர் சர்ட்டிஃபிகேட், லைட் பில், சேதப் பட்டியல், பழுது பார்க்க மதிப்பீடு, பொருள்களின் பழைய பில். பில் இல்லாத வீடுதான் அதிகம். கார்டில் வாங்கியிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். ஆன்லைனில் வாங்கியதன் பில் இமெயிலில் கிடக்கும். பொருளின் பின்னால் உள்ள சீரியல் நம்பர், வாரன்டி அட்டை, வீட்டில் எடுத்த பிறந்தநாள் போட்டோவின் பின்னணியில் தெரியும் அதே டி.வி., எல்லாமே சான்று. நான் மேலே சொன்ன குடும்பத்துக்கு உதவியது பேத்தியின் பெயர் சூட்டு விழா போட்டோ. தேவையான காகிதங்களைப் பாலிசி கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும், காகிதம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்பதும் 2024 சுற்றறிக்கையில் இருக்கிறது. அதை மரியாதையாக நினைவுபடுத்தலாம்.

பட்டியலைக் கட்டடம், பொருள்கள் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். கதவு, ஜன்னல், கிரில், வயரிங், பதித்த டைல்ஸ், சுவரின் பெயின்ட் எல்லாம் கட்டடம். டி.வி., பீரோ, மிக்ஸி பொருள்கள். கிரில் வெல்டரிடமும் கண்ணாடிக்காரரிடமும் மதிப்பீடு வாங்கும்போது அளவும் தரமும் எழுதி வாங்குங்கள். ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி இருந்த இடத்தில் எட்டு மில்லிமீட்டருக்கு எழுதினால் சர்வேயர் மொத்தப் பட்டியலையும் சந்தேகிப்பார். நேர்மை வேண்டும் என்று நான் சொல்வது நீதிக்காக மட்டுமில்லை. ஒரு வரி பொய் என்று தெரிந்தால் முழுக் கிளெய்மையும் மறுக்கப் பாலிசி இடம் தருகிறது.

வீட்டில் குடியிருக்கவே முடியாத அளவுக்குச் சேதம் என்றால் மாற்று வீட்டு வாடகைக்கும் பாலிசியில் இடம் உண்டு. இடிபாடுகளை அப்புறப்படுத்த கிளெய்ம் தொகையில் 2 சதவீதமும், ஆர்க்கிடெக்ட், என்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதமும் வரை கேட்கலாம். கேட்காதவர்களுக்கு இது வருவதில்லை.

சொசைட்டி, கார், பூட்டிய வீடு

லிஃப்ட், கேட், படிக்கட்டு விளக்கு, லாபியின் கேமரா போன்ற பொதுச் சொத்துகள் சொசைட்டி பாலிசியின் பொறுப்பு. உங்கள் பிளாட்டின் ஜன்னல் அதில் வருகிறதா என்பது ஒவ்வொரு சொசைட்டிக்கும் மாறும். அடுத்த பொதுக்கூட்டத்தில் பாலிசியைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே கண்ணாடிக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. சி.சி.டி.வி. பதிவைப் பற்றி மட்டும் தாமதிக்க வேண்டாம். பெரும்பாலான கருவிகளில் சில நாட்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அன்றைக்கே செக்ரட்டரிக்கு எழுத்தில் கொடுத்து, பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

பார்க்கிங்கில் நின்ற காரும் பைக்கும் வீட்டுப் பாலிசியில் வராது. அதற்கு மோட்டார் பாலிசியின் சொந்தச் சேதப் பகுதி வேண்டும். கலவரமும் விஷமச் செயலும் அதில் அடங்கும். மூன்றாம் நபர் காப்பு மட்டும் எடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. சிறு கீறலுக்குக் கிளெய்ம் போட்டால் அடுத்த வருட நோ-கிளெய்ம் போனஸ் போகும். கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர் கட்டடத்துக்கு எடுக்க வேண்டியதில்லை, பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். வீட்டை வாடகைக்கு விட்டவர் அந்த மாற்றத்தைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிவிட்டு ஊரில் போய் இருப்பவர்கள், ஆளில்லாத வீட்டைப் பற்றி உங்கள் பாலிசியிலும் பர்க்லரி காப்பிலும் என்ன எழுதியிருக்கிறது என்று புறப்படும் முன் படித்துவிடுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, வாரம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சேதம் நடந்த நாள் தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நாளுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே சாட்சி.

மறுத்தால்

மறுப்பு எழுத்தில் வர வேண்டும், பாலிசியின் எந்த விதிப்படி என்று சொல்ல வேண்டும். கம்பெனிக்குள் இருக்கும் கிளெய்ம் மறுஆய்வுக் குழு பார்க்காமல் நிராகரிக்கவும் கூடாது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் கொடுக்கலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க முடியும். கம்பெனியின் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

எந்த ஆம்புட்ஸ்மன் என்பதில் நம் ஆட்கள் அலைந்து திரிகிறார்கள். நெருள் உட்பட நவி மும்பை முழுக்க தாணே அலுவலகத்தின் கீழ் வருகிறது. செம்பூர் மும்பை நகரில் இருந்தாலும் எம்-மேற்கு வார்டு என்பதால் அதுவும் தாணேதான். மாட்டுங்காவும் தாராவியும் சாந்தாக்ரூஸில் உள்ள மும்பை அலுவலகத்தின் கீழ்.

குறைந்த தொகையைக் கொடுத்து 'முழுத் தீர்வு' என்று கையெழுத்துக் கேட்டால், பணமுடையில் போட்டுவிடுகிறோம். அப்படிப் போட்ட கையெழுத்து, மீதிக்காக மேலே போகும் உரிமையைத் தடுக்காது என்று 2015-லேயே ஆணையம் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் "மறுப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று அன்றைக்கே ஒரு இமெயில் அனுப்புவது நல்லது. முடிவெடுக்கத் தாமதித்தால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டியோடு தர வேண்டும்; அதையும் கேளுங்கள்.

கொழும்பில் 1983 ஜூலையில் தமிழர் வீடுகளைக் கொளுத்தியபோது உடுத்திய துணியோடு கப்பலேறியவர்களில் எத்தனையோ பேருடைய பத்திரமும் ரசீதும் வீட்டோடு எரிந்து போயின. இன்று அந்தக் கஷ்டம் நமக்கு வேண்டியதில்லை. இன்று மாலை விளக்கேற்றிய பிறகு, கைப்பேசியை எடுத்து உங்கள் வீட்டின் ஒவ்வோர் அறையையும், ஒவ்வொரு ஜன்னலையும், டி.வி.க்குப் பின்னால் உள்ள நம்பரையும் படம் பிடியுங்கள். பாலிசியின் முதல் பக்கத்தையும் சேர்த்து, ஊரில் இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ அனுப்பி, அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.